இஸ்தோப்பில் ஒதுங்கிய முதுமை

1884ஆம் ஆண்டு ரயில் பாதை ஹட்டனை வந்தடைந்தது. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1888இல், ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் துறவுச் சபையினர் கொழும்புக்கு வந்து, அநாதரவான முதியோருக்கென ஓர் இல்லத்தைத் தொடங்கினர். முதலாவது நிகழ்வை மலையகச் சரித்திரம் எழுதியவர்கள் மறப்பதில்லை. இரண்டாவதை எழுதியவர்கள் மிகக் குறைவு. தோட்டத்துக்கு ஆட்களையும் யந்திரங்களையும் கொண்டுவந்த பாதையும், உழைத்து ஓய்ந்த மனிதருக்குக் கட்டில் போட்டுக் கொடுத்த வீடும் ஒரே தசாப்தத்தில் இந்நாட்டுக்கு வந்திருக்கின்றன. ஆயினும் ஒன்றின் வாசலை மற்றொன்று மிதிக்கவில்லை. ஏன் மிதிக்கவில்லை என்பதே இங்கு எம் விசாரணை.

கோப்பிக் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடம் இருக்கவில்லை. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்கு இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கால்நடையாக வந்தவர்கள், வழியில் மடிந்தவர்கள் போக, மீதிப் பேர் ஊர் திரும்பினர். முதுமை ஊரில் கழிந்தது. தோட்டம் இளமையை மட்டுமே கண்டது. 1869இல் தென்பட்ட இலை நோய் கோப்பியை அழித்த பின், அதே மலைகளில் தேயிலை ஏறியது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட செடி, 1880களில் டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமெல்லாம் பரவியது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்கு ஆண் தனியாக வந்தால் போதாது. பெண் வேண்டும், குடும்பம் வேண்டும், குடும்பத்துக்கு லயம் வேண்டும். குடும்பம் நிலைத்தவுடன் குழந்தை பிறந்தது, கிழடும் உண்டானது. மலையகத்தில் முதுமை என்ற ஒன்று தேயிலையோடுதான் தொடங்கியது எனலாம்.

பிறந்த குழந்தைக்குத் தோட்டம் இடம் ஒதுக்கியது. பிள்ளைக் காம்பரா என்ற ஒன்று கட்டப்பட்டது. தாய் மலைக்குப் போகவேண்டுமானால் பிள்ளையை யாராவது பார்த்தாக வேண்டுமல்லவா? 1907ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பாடசாலைக்கு வழி செய்தது. வைத்தியத் தேவைகள் பற்றிய சட்டம் 1872இலேயே வந்துவிட்டது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். 1939இல் மகப்பேற்று நன்மைச் சட்டம். இவை யாவும் இரக்கத்தால் மட்டும் வந்தவை என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. குழந்தை நாளைய தொழிலாளி. தாய் இன்றைய தொழிலாளி. நோயாளி எழுந்தால் மறுபடியும் தொழிலாளி. இந்தக் கணக்கில் கிழவனும் கிழவியும் எந்தப் பத்தியிலும் விழவில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா ஒன்று, அதன் முன்னால் ஓர் இஸ்தோப்பு. இவ்வளவுதான் ஒரு குடும்பத்தின் வீடு. மகனுக்குக் கலியாணம் ஆனதும் காம்பரா மகனுக்கும் மருமகளுக்கும் போகும். தாய் தகப்பன் இஸ்தோப்புக்கு வருவார்கள். சாக்குப் படங்கால் மறைத்த அந்த ஒடுங்கிய இடத்தில், ஹட்டன் பக்கத்து டிசம்பர்க் குளிரில், கம்பளிக்குள் சுருண்டு கிடப்பதே முதுமை என்று மூன்று நான்கு தலைமுறைகள் அறிந்து வைத்திருந்தன. வீடு குடியிருப்பவருக்கு உரியதல்ல, வேலைக்கு உரியது. செக்ரோலில் பேர் இருக்கும்வரை காம்பரா இருக்கும். தன் பேர் நின்ற பின், பிள்ளையின் பேரில் ஒட்டிக்கொண்டுதான் ஒரு முதியவர் அந்தக் கூரையின் கீழ் இருக்க முடிந்தது. பிள்ளை இல்லாதவர் நிலையை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். கை கால் இயங்கும் கிழவிகளைப் பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்க்க விட்டார்கள். புல் வெட்டவும் துப்புரவு செய்யவும் அரைப்பேருக்கு அனுப்பினார்கள். இதுவே தோட்டம் அறிந்த ஓய்வூதியத் திட்டம்.

இன்னொரு வழியும் இருந்தது. 1920களில் இந்திய அரசின் பிரதிநிதி கண்டியில் அமர்ந்த காலத்தில், நோயுற்றவரையும் உழைக்க இயலாதவரையும் பொதுச் செலவில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு நடைமுறையில் இருந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் ஆயிரக்கணக்கானோர் இப்படித் திரும்பினர். மேலோட்டமாகப் பார்த்தால் கருணையான ஏற்பாடு. ஆனால் முப்பது நாற்பது வருடங்களாகத் தேயிலைத் தூரில் முதுகு வளைத்தவரை, அவரை இனங்காண ஆளில்லாத ஒரு கிராமத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவதை வேறு எப்படிச் சொல்வது? 1939 ஆகஸ்ட்டில் இந்தியா உடலுழைப்பாளர் வெளியேற்றத்தைத் தடை செய்தது. போவோர் வருவோர் வழி அடைபட்ட பிறகு, முதுமையை மறுகரைக்கு ஏற்றுமதி செய்யும் வசதியும் குறைந்தது. கிழவர்கள் இங்கேயே இருந்தார்கள். லயம் நீளவில்லை.

இனி மருதானைக்குச் செல்வோம். அதற்கு முன் பிரான்ஸ் தேசத்தின் ஒரு கடலோரச் சிற்றூரைத் தொட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கிறது. ஜான் ஜுகான் என்ற பெண் 1792இல் பிரித்தானி மாகாணத்தின் கான்கால் என்ற மீனவர் ஊரில் பிறந்தார். தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. பணிப்பெண்ணாகவும் வைத்தியசாலை உதவியாளராகவும் காலம் தள்ளிய அவர், 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பார்வையிழந்து பக்கவாதத்தில் கிடந்த ஒரு மூதாட்டியைத் தம் இருப்பிடத்துக்குச் சுமந்துவந்து தமது கட்டிலில் படுக்கவைத்தார். தாம் மேற்கூரை அறைக்குப் போனார். அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. கையில் காசு இல்லை. அடுத்த மூதாட்டி வந்தார், அதற்கடுத்தவர் வந்தார்.

இந்தக் கதையில் என்னைப் பெரிதும் ஈர்த்த இடம் ஒன்றுண்டு. வந்த மூதாட்டிகளில் பலர் அதுவரை தெருவில் கையேந்திப் பிழைத்தவர்கள். பிச்சைக்குப் போகாவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன வழி? ஜான் அவர்களிடம் வழக்கமாகக் கொடுப்போரின் வீடுகளைக் கேட்டறிந்து, கூடையைத் தாமே எடுத்துக்கொண்டு அந்த வாசல்களுக்குப் போனார். முதியவரின் அவமானத்தைத் தம் கைக்கு மாற்றிக்கொண்டார் என்று நான் இதை வாசிக்கிறேன். அந்தக் கூடையே பின்னர் சபையின் வழக்கமாயிற்று. நிரந்தர வருமானம் தரும் சொத்துகளை ஏற்பதில்லை என்ற முடிவை 1865இல் எடுத்தார்கள். இன்றைய தேவைக்கு இன்று கேட்பது. சந்தைக்கும் கடைவீதிக்கும் போய்க் கேட்பது. 1845இல் பிரெஞ்சு அக்கடமி அவருக்கு மொந்தியோன் பரிசு வழங்கியது. ஆனால் சில ஆண்டுகளுள் சபையின் பொறுப்பைக் கைப்பற்றிய ஒரு குருவானவர், தாமே தாபகர் என்று எழுதிவைத்துக்கொண்டு அவரை ஒதுக்கிவிட்டார். 1879இல் அவர் இறந்தபோது, உடனிருந்த இளம் சகோதரிகளில் பலருக்கு அவர் யார் என்பதே தெரியாது. முதியோருக்கு இல்லம் கண்டவர் தம் முதுமையை அடையாளமற்ற ஒருவராகவே கழித்திருக்கிறார். 2009இல்தான் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அந்தச் சபைதான் பொன்ஜீன் ஆண்டகை கொழும்புப் பேராயராக இருந்த காலத்தில் இங்கு வந்தது. மருதானையில், முன்னர் டார்லி வீதி என்று வழங்கிய தெருவில் அவர்களது இல்லம் இருக்கிறது. சபையின் விதி எளிமையானது: வயோதிபராக இருக்கவேண்டும், வறியவராக இருக்கவேண்டும். சமயம் கேட்பதில்லை. உள்ளே வந்தவரை நோயாளியாக நடத்தாமல் வீட்டு மனிதராக நடத்துவதும், இறுதி மூச்சுவரை தனியே விடாமல் பக்கத்தில் இருப்பதும் அவர்கள் தமக்கு விதித்துக்கொண்ட கடமை. மரணப் படுக்கையில் இருப்பவருக்கு அருகே இரவும் பகலும் முறைவைத்து ஒருவர் அமர்ந்திருப்பார். கட்டணம் கட்டிச் சேரும் முதியோர் விடுதிகள் பெருகிவிட்ட இந்நாளில், இந்தப் பழைய முறையை நாம் கவனிக்கவேண்டியது அவசியம்.

அந்த டார்லி வீதிக்கு இன்று டி. பி. ஜாயா மாவத்தை என்று பெயர். எம் வாசகருக்கு ஜாயாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கலகெதரையில் பிறந்த மலாய்ச் சமூகத்தவர். 1921 முதல் 1948 வரை ஸாஹிராக் கல்லூரியின் அதிபர். என் போன்ற ஆசிரியர்களுக்கு இன்றும் ஒரு முன்மாதிரி. அவர் 1947இல் அமைந்த முதல் அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சராகவும் இருந்தார் என்பதைப் பலர் ஞாபகத்தில் வைத்திருப்பதில்லை. ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழுவின் அறிக்கை 1947இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சமூக சேவைகள் திணைக்களம் உருவானது. இந்நாட்டில் முதியோர் பராமரிப்பு அரசின் கடமைகளுள் ஒன்றாக ஏட்டில் ஏறியது அக்காலத்திலேதான். கைதடியிலும் மீரிகமையிலும் சாலியபுரத்திலும் நாம் காணும் அரச முதியோர் இல்லங்கள் அந்த எண்ணத்தின் நீட்சி.

அதே 1948இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்தது. சமூக சேவை ஒரு கதவால் வர, மலையகத் தமிழர் மறு கதவால் வெளியே தள்ளப்பட்டனர். பிரஜை அல்லாத ஒருவர் எந்த உரிமையோடு கந்தோர் வாசலில் நிற்பது? மக்கள் வாயில் பிச்சைச் சம்பளம் என்று வழங்கும் அந்த மாதாந்தச் சிறு உதவிகூடத் தோட்டப்புறத்து முதியவர்களுக்கு எட்டாக்கனியாகவே நீண்டகாலம் இருந்தது. தோட்டத்து மனிதரைத் துரை பார்த்துக்கொள்வார் என்று அரசும், அது அரசின் வேலை என்று துரையும் கையை விரித்தனர்.

1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதெனத் தீர்மானித்தார்கள். மீதி 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். இலக்கங்கள் குடும்பங்களைப் பார்ப்பதில்லை. தகப்பனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, மகனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒரே காம்பரா இரண்டு நாடாகிய கதைகள் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கங்களில் ஏராளம். ஹட்டன் நிலையத்திலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டிக்கு அழுகைக் கோச்சி என்று பெயர் வந்தது சும்மா அல்ல. முதுமையில் யார் யாரைப் பார்ப்பது என்ற கேள்வி மேடையில் கட்டிப் பிடித்து அழுத அந்த அழுகைக்குள் இருந்தது. இடையே 1973-74 பஞ்சம் வேறு. மா, அரிசி தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மரண வீதம் ஏறியது. பட்டினி முதலில் தேடிப்போவது குழந்தையையும் கிழவரையுமே.

ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. பணிக்கொடை 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தால். இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தோட்டத் தொழிலாளி வாழ்நாளில் ஒருதரம் கையால் தொடும் பெரிய தொகை இவைதான். பணிக்கொடையை ஒரு கணக்காகப் பார்ப்போம். வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம். நாற்பது வருடம் பேர் போட்டவருக்கு 560 நாள் சம்பளம். 2021 மார்ச்சில் நிர்ணயமான 1000 ரூபாய்ப்படி பார்த்தால் 560,000 ரூபா. நாற்பது வருட உழைப்பின் ஈற்றில் வரும் தொகை இவ்வளவுதான். அது பெரும்பாலும் மகளின் கலியாணத்துக்கோ, மகனை வெளிநாடு அனுப்பும் செலவுக்கோ, அடகு நகையை மீட்கவோ போய்விடும். மாதாமாதம் வரும் ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. ஆசிரியனாகிய எனக்கு ஒன்று உண்டு என்பதை இவ்விடத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அறுபது வயதைத் தாண்டியவரை முதியவர் என்று வரையறுத்து, பெற்றோரைப் புறக்கணிக்கும் பிள்ளையிடமிருந்து பராமரிப்புப் பணம் பெற்றுத்தரும் சபை ஒன்றையும் நிறுவியது. நல்ல சட்டம். ஆனால் இஸ்தோப்பில் இருக்கும் தாய் தன் மகனுக்கு எதிராக மனுக் கொடுக்கப் போவாளா? கொடுத்தால்தான், நாட்கூலியில் கடன் கட்டும் மகனிடம் எடுக்க என்ன இருக்கிறது? அந்தச் சட்டம் சம்பளமுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது போலவே எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு தடையும் வெகுகாலம் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி, பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிப்பதற்கு முட்டுக்கட்டை இருந்தது. ஒரு முதியோர் பகல் நிலையம் கட்டவேண்டுமென்று சபை உறுப்பினர் ஒருவர் விரும்பினாலும் வழியில்லை. அப்பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான்.

இதற்கிடையில் முதுமையின் வேலையே மாறிவிட்டது. எங்கள் பக்கத்துப் பாடசாலைகளில் மாணவர் பதிவேட்டைப் புரட்டினால், பாதுகாவலர் என்ற இடத்தில் அம்மம்மாவின் பெயரோ அப்பாயியின் பெயரோ இருப்பதைக் காணலாம். தாய் மத்திய கிழக்கில் இருக்கிறாள். தகப்பன் கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ. பெற்றோர் கூட்டத்துக்கு வருவது அறுபத்தைந்து வயதுக் கிழவி. கொழுந்துக் கூடை இறக்கிய முதுகு ஆறும் முன்னே பேரப்பிள்ளைகளின் புத்தகப் பை ஏறுகிறது. கண் புரை விழுந்து, படிவத்தில் எங்கே கையொப்பமிடுவது என்று பிள்ளையிடமே கேட்கும் அவர்களை யார் பார்ப்பது? 1986இல் தொடங்கிய ஹெல்ப்ஏஜ் ஸ்ரீலங்கா போன்ற அமைப்புகளின் கண் சிகிச்சை முகாம்கள் இவ்வகையில் செய்த சேவை பெரிது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் நாட்டு மக்களில் அறுபதைக் கடந்தோர் 12.4 வீதம். 2024 மதிப்பீட்டில் அறுபத்தைந்தைக் கடந்தோர் மாத்திரமே 12.6 வீதமாகிவிட்டனர்.

எமது சமூகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலீபா உமர் (ரழி) அவர்கள் தெருவில் யாசித்த ஒரு யூத முதியவரைக் கண்டு, அவரது இளமைக்காலத்தில் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்று கூறி, பொது நிதியிலிருந்து அவருக்குக் கொடுப்பனவு விதித்த செய்தி இமாம் அபூ யூஸுபின் கிதாபுல் கராஜில் பதிவாகியிருக்கிறது. எத்தனையோ மேடைகளில் இதைக் கேட்டிருக்கிறோம். ஆயினும் தேயிலைத் தோட்டத்துக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று யோசித்திருக்கிறோமா? இஸ்தான்பூலில் இரண்டாம் அப்துல் ஹமீதின் ஆட்சியில் 1896இல் திறக்கப்பட்ட தாருல் அஜஸா என்னும் ஆதரவற்றோர் இல்லத்தின் வளவுக்குள் பள்ளிவாசலும் தேவாலயமும் யூத ஆலயமும் சேர்த்தே கட்டப்பட்டன. மருதானை இல்லத்துக்கும் அதற்கும் எட்டு வருட இடைவெளிதான். அதன் பணி இன்றும் தொடர்கிறது.

இலங்கையில் 1956ஆம் ஆண்டின் வக்ப் சட்டத்தின் கீழ்ப் பதிவான எமது தருமச் சொத்துகள் பள்ளிவாசலையும் மத்ரஸாவையும் நடத்துகின்றன. அநாதைச் சிறுவருக்கு நிலையங்கள் கண்டிருக்கிறோம். முதியோருக்கு என்று வரும்போது மட்டும், எங்கள் பெற்றோரை நாங்கள் வீட்டில் வைத்துப் பார்ப்போம், இல்லம் எதற்கு என்று கேட்டுவிடுகிறோம். நல்ல பெருமைதான். ஆனால் பிள்ளையில்லாத விதவைக்கும், பிள்ளைகள் யாவரும் கட்டாரில் இருக்கும் தகப்பனுக்கும் அந்தப் பெருமை சோறு வடிக்காது. ஹட்டன் நகரக் கடைத்தெருவில் தலைமுறையாக வியாபாரம் செய்யும் எம்மவர்களின் முதல், லயத்து மக்களின் சம்பள நாள் காசில் வளர்ந்தது. அந்த உறவை வெறும் கடன் கொப்பி உறவாக எண்ணுவது நன்றியுள்ள செயல் ஆகாது.

பெரிய கட்டடம் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டத்து முதியவரைத் தோட்டத்திலிருந்து பெயர்த்துத் தொலைதூர இல்லமொன்றில் இடுவது, பழைய மண்டபம் கப்பலின் இன்னொரு வடிவமாகிவிடும். அவருக்குக் கோயில் வேண்டும், மாரியம்மன் திருவிழாவில் தப்புச் சத்தம் கேட்கவேண்டும், பேரப்பிள்ளை பாடசாலை விட்டு வரும் வழி கண்ணுக்குத் தெரியவேண்டும். பிறப்பு குறைந்து, இளம் குடும்பங்கள் வெளியேறி, பிள்ளைக் காம்பராக்களில் பிள்ளைகள் குறைந்துவருகின்றனர். பக்கத்து அறையொன்றைத் திருத்தி, பகலில் முதியோர் கூடியிருக்க, மதியம் ஒரு நேரச் சோறு, கிழமைக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்க ஒரு தாதி, படுக்கையில் விழுந்தவருக்கு நாலைந்து கட்டில்கள் என்று தொடங்கலாம். இடம் தோட்டக் கம்பனியுடையது. அனுமதி பிரதேச செயலகத்தின் ஊடாக. பதிவு 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். 2018இன் திருத்தத்துக்குப் பின் பிரதேச சபையும் பங்கு கொள்ளலாம். அரிசிக்கும் பருப்புக்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்கு யார் போவது என்பதுதான் மிச்சம்.

வீடமைப்புத் திட்டங்களின் கீழ் காணியும் தனி வீடும் உறுதிப் பத்திரமும் கிடைத்துவருகின்றன. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. இருநூறு வருட லய வாழ்க்கைக்கு அது பெரிய விடுதலைதான். ஆனால் அந்தப் புதிய வீட்டின் வரைபடத்தைப் பார்க்கும் அதிகாரிகளும் தொழிற்சங்கத்தாரும், எத்தனை அறை என்று கேட்கும்போதே, கிழவிக்கு எந்த அறை என்றும், பத்திரத்தில் அவள் பெயர் உண்டா என்றும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். புது வீட்டுக்கும் முன்னால் ஒரு விறாந்தை இருக்கிறது.